கல்பும் மனமும்: கீழைக்கரையில் உள மெய்யியல் ஆய்வின் தொடக்கம்

உள்ளம் என்பது யாது, அது உடலோடு எவ்வாறு தொடர்புற்றுள்ளது என்பன மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் அடங்குவன. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மெய்யியலைத் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவர் இவ்வினாக்களைப் பெரும்பாலும் ஐரோப்பிய மெய்யியல் வரலாற்றின் வாயிலாகவே முதன்முதற் சந்திக்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் உள்ளத்தையும் உடலையும் இருவேறு பொருள்களாகப் பிரித்தார். 1949இல் கில்பேட் றைல் அப்பிரிவினையைச் சொல்வகைப் பிழை எனக் கண்டித்தார். 1974இல் தோமஸ் நேகல் வௌவாலின் அனுபவத்தை முன்வைத்து, பௌதிக விளக்கத்தின் எல்லையைச் சுட்டினார். 1990களில் டேவிட் சால்மர்ஸ் நனவு ஏன் உண்டு என்பதையே கடினமான பிரச்சினை எனப் பெயரிட்டார். பரீட்சை விடைத்தாளில் இப்படிகள் ஒழுங்காக அமைந்துவிடுகின்றன. ஆனால், பட்டப்பின் ஆய்வேடு விடைத்தாள் அன்று. பிறர் எழுப்பிய வினாக்களைத் தொகுத்துரைப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. ஆய்வாளர் தமக்குரிய வினாவொன்றைக் கண்டெடுத்திருத்தல் வேண்டும். கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊரொன்றிலிருந்து உள மெய்யியல் ஆய்வுக்கு வரும் ஒருவருக்கு அத்தகைய வினா எங்கிருந்து கிடைக்கும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

அவ்வினா அவரது பேச்சுமொழியிலேயே உள்ளது எனலாம். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் ஊர்களில் முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இரு சாராருக்கும் தாய்மொழி தமிழே. மனம், உள்ளம், நெஞ்சு, புத்தி, அறிவு, மூளை முதலிய சொற்கள் இரு சாராருக்கும் பொதுவானவை. இவற்றோடு கல்பு, றூஹு, நப்ஸு என்னும் அரபுச் சொற்களும் முஸ்லிம்களின் பேச்சில் வழங்குகின்றன. அவை குர்ஆன் மதரசாவிலும் பள்ளிவாசற் பிரசங்கத்திலும் கேட்டுப் பழகியவை; வீட்டுப் பேச்சிலும் இயல்பாக இடம்பெறுபவை.

இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொண்டு கடந்து செல்லுதல் எளிது. எனினும், ஒவ்வொரு பெயரும் எவ்வெவ் வினையைக் கொண்டு முடிகின்றது என்று நோக்கும்போது வேறுபாடு புலனாகும். மனம் வரும், மாறும், நோகும், இளகும், பொருந்தும். நெஞ்சு அடைக்கும், பதறும், எரியும். புத்தி தெளியும், கெடும். ஒருவர் மற்றொருவருக்குப் புத்தி சொல்லவும் கூடும். மூளை குழம்பும். கல்பு கறுக்கும், சுத்தமாகும். நப்ஸு அடக்கப்படும். றூஹு பிரியும். றூஹு பிரிந்தது என்று சொல்பவர் புத்தி பிரிந்தது என்று சொல்வதில்லை. நப்ஸை அடக்க வேண்டும் என்பவர் மூளையை அடக்க வேண்டும் என்பதில்லை. பேசுவோர் எவரும் இவ்விதிகளை எழுத்தில் வகுத்துக்கொள்ளவில்லை, ஆயினும் மீறுவதுமில்லை. உள்ளம் என்னும் ஒரு பொருளுக்கே இத்தனை பெயர்களா, அன்றிப் பலவாய் உள்ளவற்றை ஒரு பெயரில் அடக்கியது பாடநூலின் செயலா என்னும் வினா இவ்விடத்தில் எழுகின்றது. இது இரவல் வினா அன்று.

பாடநூலைக் குறைகூறுதல் இங்கு நோக்கமில்லை. அறிவியலைத் தமிழிற் கற்பிக்கக் கலைச்சொற்கள் வேண்டும் என்பதை இக்கரையோரம் நன்கறியும். 1930களில் தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவரும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானவருமாகிய சுவாமி விபுலாநந்தர் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட காரைதீவிற் பிறந்தவரே. விஞ்ஞானம் கற்று, விவேகானந்தரின் உரைகளைத் தமிழாக்கி, இசையாராய்ச்சியில் முடிந்தது அவர் பணி. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்னும் ஒழுங்கு இரசாயனத்திற்கும் பௌதிகத்திற்கும் பெரிதும் உதவியது. உப்புக்கும் அமிலத்துக்கும் பெயர் எதுவாயினும் பொருள் கண்முன் உள்ளது. பெயரைப் பொருளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். உள்ளத்தைப் பொறுத்தவரை அவ்வாறு ஒப்பிடப் பொருளொன்று கண்முன் இல்லை. ஆகவே, மனம் என்று மொழிபெயர்த்த கணத்திலேயே, ஆங்கிலச் சொல் எதனை ஒன்றெனக் கருதியதோ அதனைத் தமிழும் ஒன்றெனக் கருதுவதாகிவிடுகின்றது. விளைவாக, கல்பு சமயத்திற்கும், நெஞ்சு கவிதைக்கும், மூளை மருத்துவத்திற்கும் ஒதுக்கப்பட்டு, மெய்யியலுக்கு மனம் என்னும் சொல் மட்டுமே எஞ்சுகின்றது.

சொற்களை வேறுபடுத்தி நோக்கும் ஆய்வுமுறை இந்நாட்டுக்குப் புதியதன்று. அதற்குச் சிறந்த முன்மாதிரி எதிரிவீர சரச்சந்திரவின் ஆய்வாகும். 1956இல் மேடையேறிய 'மனமே' நாடகத்தின் வாயிலாகவே பலரும் அவரை அறிவர். ஆனால், நாடகாசிரியராகப் புகழடையுமுன்னரே அவர் பௌத்த உளவியலில் ஆய்வு மேற்கொண்டவர். இலண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்கென அவர் செய்த அவ்வாய்வு, பௌத்தத்திற் புலக்காட்சி பற்றிய நூலாக 1958இல் வெளிவந்தது. பௌத்தம் உள்ளத்தைப் பற்றி என்ன கூறுகின்றது எனப் பொதுப்படக் கேட்பதோடு அவர் அமையவில்லை. விஞ்ஞாணம் என்னும் பாளிச் சொல் பழைய சூத்திரங்களில் என்ன பணியைச் செய்கின்றது, பின்வந்த அபிதம்மத்தில் என்ன பணியைச் செய்கின்றது என்று தனித்தனியே கேட்டார். புலனறிவு நிகழாத வேளையில் உள்ளத்தின் நிலை யாது என்பதற்கு விடையாகப் பின்னோர் வளர்த்தெடுத்த பவங்கம் என்னும் கருத்தின் வரலாற்றை ஆராய்ந்தார். ஒரே சொல் காலந்தோறும் வேறுவேறு சுமைகளைத் தாங்கியமையை அவரது ஆய்வு காட்டியது. மரபு என்பது ஒரே குரலிற் பேசுவதன்று என்பதே அதனாற் பெறப்படும் பாடம்.

கே. என். ஜயதிலக்கவும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். கேம்பிரிட்ஜிற் கற்ற காலத்தில் விற்கன்ஸ்ரைனின் விரிவுரைகளைக் கேட்டவர் அவர். ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றிய அவரது பெருநூல் 1963இல் வெளியாயிற்று. நம்புதலையும் அறிதலையும் பாளி நூல்கள் எவ்வாறு வேறுபடுத்துகின்றன என்று அவர் நுணுகி நோக்கிய முறையில், சொல்லின் பொருளை அதன் வழக்கிற் காணும் பயிற்சி தெரிகின்றது. 1973இல் பௌத்த உளவியலையும் பிராய்டின் உளவியலையும் ஒப்பிட்டு நூலெழுதிய பத்மசிறி டி சில்வா பிறிதொரு வழியைத் தெரிந்தார். ஒப்பீட்டு முறைக்கு ஓர் ஆபத்து உண்டு. பிராய்டின் சொல்லுக்கு நிகரான பாளிச் சொல் எது என்று தேடத் தொடங்கினால், பாளி மரபு பிராய்டுக்கு முன்னறிவிப்பாகச் சுருங்கிவிடும். ஒற்றுமையோடு நில்லாது வேற்றுமையையும் விளக்கும்போதே ஒப்பீடு பயன்தரும்.

இம்மூவரின் ஆய்வுகளும் பேராதனையின் மெய்யியலுக்குப் பெருமை சேர்த்தவை. ஆயினும், அவை பெரிதும் ஏடுகளை ஆதாரமாகக் கொண்டவை என்பதும் கூறத்தக்கது. சரச்சந்திரவைப் பொறுத்தவரை இது வியப்புக்குரியது. சிங்கள நாட்டார் நாடகத்தையும் சடங்கையும் ஆராய்ந்து 1950களின் தொடக்கத்திலேயே நூல் செய்தவர் அவர். அச்சமும் நோயும் ஆட்கொள்ளலும் உடலிலும் குரலிலும் வெளிப்படும் கிராமியச் சடங்குகளை நன்கறிந்த ஒருவர், உள்ளத்தைப் பற்றி எழுதும்போது ஏட்டுச் சொற்களோடு அமைந்துவிட்டார். உள்ளத்தைப் பற்றிய நூலும் சடங்கைப் பற்றிய நூலும் ஒன்றையொன்று நோக்காது நின்றன. ஏட்டில் உள்ளதையும் வாயில் வழங்குவதையும் ஒருங்கு நோக்குதல் அடுத்த தலைமுறை ஆய்வாளர்க்கு விடப்பட்ட பணி எனலாம்.

கீழைக்கரை மாணவருக்கு அவ்வகை ஆய்வுக்கான ஏடும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (1058–1111) இயற்றிய இஹ்யா உலூமித்தீன் நாற்பது பாகங்களைக் கொண்டது. அதன் இருபத்தோராம் பாகம் கல்பின் விந்தைகளை விளக்குவது. அப்பாகத்தின் தொடக்கத்தில் அவர் கல்பு, றூஹு, நப்ஸு, அக்லு என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பிரித்தறியாமையே பல பிழைகளுக்குக் காரணம் என்கின்றார். ஒவ்வொன்றுக்கும் இவ்விரண்டு பொருள்களைத் தருகின்றார். கல்பு என்பது ஒரு பொருளில் மார்பின் இடப்புறத்தே உள்ள தசை. அது விலங்குக்கும் பிணத்துக்கும் உண்டு. மற்றொரு பொருளில் அது அறியும் ஆற்றலுடைய நுண்பொருள். றூஹு என்பது ஒரு பொருளில் இதயக் குழியிலிருந்து நாடிகளின் வழியே உடலெங்கும் பரவும் மெல்லிய ஆவி. வீட்டினுள் கொண்டு செல்லப்படும் விளக்கின் ஒளி மூலைகளில் பரவுவதை அவர் அதற்கு உவமை கூறுகின்றார். நப்ஸு ஒரு பொருளில் கோபமும் இச்சையும் உறையும் இடம். அக்லு ஒரு பொருளில் அறிவு. மற்றொரு பொருளில் அறிவது. நான்கு சொற்களும் முதற் பொருளில் வேறுபடுகின்றன. இரண்டாம் பொருளில் மனிதனின் உண்மையாகிய அந்த ஒரே நுண்பொருளைச் சுட்டுவதில் ஒன்றுபடுகின்றன.

இப்பகுதி இருவகையிற் கருத்தூன்றத்தக்கது. முதலாவதாக, மேலே எழுப்பப்பட்ட வினாவிற்கு இமாம் கஸ்ஸாலி ஏற்கெனவே ஒரு விடை தந்துள்ளார்: சொற்கள் பல; முடிவில் அவை சுட்டுவது ஒன்று. அவ்விடையை ஏற்பதா, மறுப்பதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஆய்வாளருக்கு உண்டு. நாட்பேச்சில் கல்பு கறுக்கும் என்பவரும் றூஹு பிரிந்தது என்பவரும் ஒரே பொருளையே குறிக்கின்றனரா? வினைகளை நோக்கும்போது அவ்வாறு தோன்றவில்லை. இமாமின் கோட்பாட்டுக்கும் ஊரின் வழக்குக்கும் இடையே ஓர் இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியே ஆய்வின் களம். இரண்டாவதாக, கல்பின் இயல்புகளையும் நிலைகளையும் கூறுவதே தம் நோக்கம், அதன் மெய்ம்மை இன்னதென விளக்குவதன்று என இமாம் எல்லை வகுத்துக்கொள்கின்றார். இவ்வடக்கம் மெய்யியலாருக்கும் ஏற்றது.

இமாம் கஸ்ஸாலிக்கு முன்வாழ்ந்த இப்னு சீனா (980–1037) வேறொரு வழியிற் சென்றார். வெட்டவெளியில், புலன்கள் எதனையும் தொடாத நிலையில், முழு வளர்ச்சியோடு படைக்கப்பட்ட ஒரு மனிதனைக் கற்பனை செய்யுமாறு அவர் கேட்டார். தன் கையையோ காலையோ அறியாத அம்மனிதன், தான் இருப்பதை மட்டும் அறிவான் என்பது அவர் வாதம். டேக்கார்ட்டுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுந்தது இது. இதனைக் காட்டி, மேனாட்டார் கண்டதெல்லாம் முன்னரே எம்மிடம் இருந்தது எனப் பெருமை பேசி முடிக்கும் கட்டுரைகள் தமிழில் அரிதல்ல. அப்பெருமை ஆய்வாகாது. இப்னு சீனாவின் மனிதன் உடலை அறியாதவன் என்பதனால் உடலின்றி இருக்கக்கூடியவன் ஆகின்றானா என்னும் கேள்வியை எழுப்பும்போதே அம்மரபு உயிர்பெறும். ஒரு மரபைப் போற்றுவதற்குரிய வழி, அதனோடு வாதிடுவதே.

அரபுச் சொற்கள் தமிழ் நிலத்தில் தனித்து நிற்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தம் பாடல்களுள் ஒன்றுக்கு மனோன்மணிக் கண்ணி எனப் பெயரிட்டார். மனோன்மணி என்பது யோக மரபிலும் சித்தர் மரபிலும் வழங்கிய சொல். அதனைச் சூபி ஞானி ஒருவர் தம் பாடலுக்கு எடுத்துக்கொண்டமை, உள்ளம் பற்றிய சொற்கள் சமய எல்லையைக் கடந்து வழங்கியமைக்குச் சான்று. மறுபுறத்தில், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அந்தக்கரணங்களை நான்காக வகுக்கும் சைவசித்தாந்தம் காரைதீவிலும் திருக்கோவிலிலும் வழங்குவது. இமாம் கஸ்ஸாலியின் நான்கும் சித்தாந்தத்தின் நான்கும் எண்ணால் ஒன்றாயினும் வகுப்பால் வேறு. சித்தாந்தத்தில் மனமும் புத்தியும் சடமாகிய கருவிகள்; அறிவது ஆன்மா. மனம் என்னும் சொல்லைச் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் ஒருவாறே உச்சரிப்பவர்கள், அச்சொல்லின் பின்னே ஒரே வரைபடத்தை வைத்திருக்கின்றனர் என்று கொள்வதற்கில்லை.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி மட்டுமே, மெய்யியல் எங்கே எனச் சிலர் வினவக்கூடும். றைலின் சொல்வகைப் பிழை என்னும் கருத்து இவ்விடத்தில் உதவும். அதனை இக்கரையின் வாழ்வினின்றே விளக்கலாம். இங்குத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியே குடி எண்ணும் வழக்கமுடையவர்கள். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலின் மரைக்கார்மார் குடிகளின் சார்பில் அமர்வது பழைய வழக்கு. வெளியூரார் ஒருவர் தாயையும் மகளையும் கண்டு, மரைக்காரையும் கண்டு, அவர்கள் வாழும் வளவையும் கண்டு, 'எல்லாம் சரி, குடி எங்கே?' என்று கேட்பாராயின், அவர் தேடுவது கிடைக்காது. குடி என்பது அவர்களுக்குப் புறம்பான மற்றொரு பொருளன்று. அவர்களிடையே நிலவும் ஒழுங்கு. உள்ளமும் அத்தகையதே, செயலுக்கும் பேச்சுக்கும் பின்னே மறைந்திருக்கும் தனிப்பொருளன்று என்பது றைலின் வாதம். குடியைப் பற்றிய அறிவுக்குப் பெரிதும் உதவியது அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் ஆய்வாகும். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மாணவராக 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்த அவர், தம் வாழ்நாளாய்வின் பெரும்பயனை 2008இல் நூலாகத் தந்தார். அயல்நாட்டு மாணவர் ஒருவர் இவ்வூர்களின் பேச்சிலிருந்து தம் வினாவைப் பெற்றாராயின், அப்பேச்சிலேயே பிறந்து வளர்ந்தவர் பெறுவது அரிதன்று.

உள்ளம் தனியொருவரின் தலைக்குள் உள்ளதா, மனிதரிடையே உள்ளதா என்னும் இவ்வினா நூலகத்துள் அடங்கிவிடுவதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர், அதாவது 10,000க்கும் மேற்பட்டோர், அம்பாறை மாவட்டத்தினர். அதுவே உயிரிழப்பு மிகுந்த மாவட்டம். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலை அண்டிய குடியிருப்புகள் அழிந்தன. உணவோடும் மருந்தோடும் உளவளத் துணையாளரும் வந்தனர். அவர்களோடு வினாக்கொத்துகளும் வந்தன. அவற்றிற் பெரும்பாலானவை நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. வியட்நாம் போரினின்று மீண்ட அமெரிக்கப் படையினரின் துயரைச் சூழ்ந்து உருவாகி, 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்வகைக் கையேட்டில் இடம்பெற்றது அக்கருத்து.

அவ்வினாக்கொத்துகளின் பொதுவான வினாவொன்றை எடுத்துக்கொள்ளலாம்: அந்நிகழ்ச்சி நீங்கள் விரும்பாமலே நினைவுக்கு வருகின்றதா? ஆங்கிலத்தில் நினைவுகூர்தல் பெரும்பாலும் எழுவாயின் செயல். ஆகவே, நினைவு தானாக வந்து நுழைதல் இயல்புமீறிய நிலையாக, நோயின் அறிகுறியாக, ஒலிக்கின்றது. தமிழில் 'எனக்கு நினைவு வந்தது' என்பதே இயல்பான வழக்கு. பசியும் கோபமும் தூக்கமும் போல நினைவும் நான்காம் வேற்றுமை ஏற்ற ஒருவருக்கு வந்து சேர்வது. மகனை இழந்த தாயிடம் 'நினைவு வருகின்றதா' என்று கேட்டால், வருகின்றது என்பதே விடையாயிருக்கும். அது நோயைக் காட்டுகின்றதா, தமிழ் இலக்கணத்தைக் காட்டுகின்றதா? 'நெஞ்சு அடைக்கின்றது' என்று அவள் சொன்னால், அதனை உளத்துயரின் உடற்சாயல் எனக் குறித்துக்கொள்வதா, அன்றி, துயர் உடலிலேயே உள்ளது என்று அவள் சொல்வதை அவ்வாறே ஏற்பதா? படிவத்தை நிரப்புபவர் ஒரு கட்டத்தில் அடையாளமிடும்போது, உள்ளத்திற்கும் உடலுக்குமிடையே ஒரு கோட்டையும் இட்டுவிடுகின்றார். டேக்கார்ட்டை ஒருநாளும் கேள்விப்படாத தாயின் துயர் டேக்கார்ட்டின் பிரிவினைப்படி எண்ணப்படுகின்றது.

இக்குறைபாட்டை ஆய்வாளர் சிலர் உணர்ந்திருந்தனர். இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, இந்நாட்டு மக்கள் தம் துயரைத் தாமே எடுத்துரைத்த கதைகளினின்று அவர்களுக்கேற்ற அளவுகோலொன்றை உருவாக்கினார். உடல் நோவும் உறவுகளின் சிதைவும் அக்கதைகளில் முதன்மை பெற்றன. சமூகத்திலும் குடும்பத்திலும் தமக்குரிய இடத்தை இழந்தமையை, உள்ளத்தின் காயத்தால் விளைந்த பின்விளைவாக அன்றி, அக்காயமாகவே அவர்கள் கண்டனர். அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி பரந்த வாசகரை அடைந்தது. வடக்கில் நெடுங்காலம் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், 1998இல் போரின் உளத் தாக்கம் பற்றி நூலெழுதியவர். 2007இல் வெளிவந்த ஆய்வில், குடும்பமும் ஊரும் அடையும் கூட்டுக் காயத்தைத் தனிமனிதரின் நோயாகப் பிரித்து நோக்குதல் போதாது என வலியுறுத்தினார். மனவடு நோய் என்பதொன்றே இல்லை என அவர் கூறவில்லை; அதனைக் கண்டறிந்து மருத்துவம் செய்தவரே அதன் போதாமையையும் சுட்டினார். அந்நிதானம் பின்பற்றத்தக்கது.

இனி, இவ்வாய்வு முறைக்கு எதிராக எழும் வலுவான தடையை நோக்குதல் வேண்டும். சொற்கள் உண்மைக்குச் சான்றாகுமா? கல்முனைக் கரையில் விடியலிற் கடலிலிருந்து பொழுது எழுகின்றது என்கின்றோம். அதனால் பூமியைச் சூரியன் சுற்றுவதாகிவிடாது. நெஞ்சு பதறுகின்றது என்பதனால் அச்சம் நெஞ்சில் உள்ளது என நிறுவப்படுவதில்லை. மூளையின் குறித்த பகுதிகள் சிதைந்தால் அச்சமே குன்றிவிடுவதை நரம்பியல் காட்டியுள்ளது. எனக்குத் தோன்றுகின்றது என்னும் தமிழ்த் தொடரைக் கொண்டு நான் என்னும் கருத்தாவே இல்லை என நிறுவ முற்படுவோரும் இவ்வாறே தவறுவர். சிந்திக்கிறேன் என்பதற்குப் பதிலாக, மின்னுகின்றது என்பது போலச் சிந்தனை நிகழ்கின்றது என்று சொல்லலாமே என 18ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மானியரான லிக்ரென்பேர்க் டேக்கார்ட்டை மறுத்தார். அம்மறுப்பு டேக்கார்ட்டின் தொடர் இலக்கணத்தால் மட்டும் நிறுவப்படவில்லை என்று காட்டியது, எதிர்க்கொள்கையை நிறுவவில்லை.

இத்தடை நியாயமானது. ஆயின், அது இருபுறமும் வெட்டும். தமிழ்ச் சொல் உள்ளத்தின் இயல்புக்குச் சான்றாகாதெனில், ஆங்கிலச் சொல்லும் சான்றாகாது. மூளையின் எப்பகுதி எவ்வேளையிற் செயற்படுகின்றது என்பதை நரம்பியல் அளந்து கூறும். அவ்வளவையில் எது அச்சம், எது துயர், எது நினைவு என்று பெயரிடுவதற்கு அதுவும் ஏதேனும் ஒரு மொழியின் சொற்களையே நாட வேண்டியுள்ளது. எந்த மொழியின் சொற்கள் என்பதை எவரும் வினவாதிருக்கும் வரையில், ஆங்கிலத்தின் வகுப்பு இயற்கையின் வகுப்பாக வேடமிட்டு நிற்கும். அதனை வினவுவதே கீழைக்கரை ஆய்வாளர் உலக மெய்யியலுக்குச் செய்யக்கூடிய பங்களிப்பு. அது பிறந்த ஊரின் பெருமைக்காகச் செய்யப்படுவதன்று. வேறு மொழியில் நின்று நோக்குபவருக்கு மட்டுமே தெரியக்கூடிய தவறொன்று அங்கே இருக்கலாம் என்பதற்காகச் செய்யப்படுவது.

இவ்வகை ஆய்வுக்கு மூன்று தகைமைகள் வேண்டப்படும். ஏட்டறிவு முதலாவது: இமாம் கஸ்ஸாலியையும் இப்னு சீனாவையும் மேற்கோளுக்காக அன்றி வாதத்திற்காகப் படித்தல். வழக்கறிவு இரண்டாவது: கல்பு, நெஞ்சு, மனம் ஆகிய சொற்களைப் பேசுவோரிடமிருந்தே கேட்டு, எவ்விடத்தில் எது வரும், எது வராது எனக் குறித்தல்; மொழியியலின் பயிற்சி இதற்கு இன்றியமையாதது. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் மொழியியலாளராகவும் திறனாய்வாளராகவும் ஒருங்கே விளங்கியமை, இவ்விரு துறைகளும் இணையக்கூடியவை என்பதற்குச் சான்று. மூன்றாவது, சம காலத்து உள மெய்யியலையும் நரம்பியலையும் அஞ்சாது எதிர்கொள்ளும் துணிவு. முதலாவது மட்டுமிருந்தால் ஆய்வு மரபுப் புகழ்ச்சியாகும். இரண்டாவது மட்டுமிருந்தால் சொற்பட்டியலாகும். மூன்றாவது மட்டுமிருந்தால் மொழிபெயர்ப்பாகும்.

ஒலுவிலில் 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூர்களின் நடுவே உள்ளது. அரபு ஏடுகளைப் பயில்வோரும் தமிழ் வழக்கை ஆராய்வோரும் ஒரே வளாகத்திற் சந்திக்கும் வாய்ப்பு அங்குண்டு. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மெய்யியற் பயிற்சி உண்டு. வசதி இல்லை என்பதைவிட, இது மெய்யியலுக்குரிய பொருளா என்னும் தயக்கமே பெருந்தடையாய் இருக்கின்றது. ஆய்வேடுகளின் தொடக்கத்தில் கலைச்சொல் விளக்கம் என ஒரு பக்கம் அமைவது வழக்கம். ஆங்கிலச் சொல்லுக்கு நேரே மனம் என எழுதி, அப்பக்கத்தை விரைந்து கடப்பதே இதுவரை இயல்பாயிருந்தது. கல்பு கறுக்கும், நெஞ்சு அடைக்கும், மனம் வராது என்று கேட்டு வளர்ந்தவர் அப்பக்கத்தில் எழுதுகோலைச் சற்று நிறுத்துவாராயின், அவரது ஆய்வு அங்கேயே தொடங்கிவிடும்.